அடுத்த வருடம் நிரந்தரம்

மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தவர் இமெல்டா. கணவர் அல்பேர்ட்டுடன் அகதியாக ஜேர்மனிக்கு வந்த பிறகு, மூன்ஸ்டருக்குக் கிட்ட ஒரு சிறு நகரத்தில், முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுவார். அங்கே பக்கத்தில் நின்று பாடிய உர்சுலா, அவ்வூர்த் தனியார் பள்ளியொன்றில் சரித்திர ஆசிரியை.

தொண்ணூற்றொன்றில் அந்தப் பள்ளியின் ஆங்கில ஆசிரியை பிரசவ விடுமுறையில் போனார். பதிலுக்கு ஆள் கிடைக்கவில்லை. இமெல்டாவின் கையைப் பிடித்து அதிபர் கிளாசனிடம் அழைத்துப்போனவர் உர்சுலாதான்.

இமெல்டா வகுப்புக்குள் காலடி வைத்ததும் மன்னாரின் பழைய ரீச்சர் அவருக்குள் திரும்பி வந்துவிட்டார். ‘திங்க்’ என்பதைச் ‘சிங்க்’ என்ற பிள்ளைகளுக்கு நாக்கு நுனியைப் பல்லில் வைத்துக் காட்டினார். ஒருநாள் முழு வகுப்பும் நாக்கை நீட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அதிபர் கதவைத் திறந்தாராம். அதைச் சொல்லும்போதே இமெல்டாவுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

விடுமுறையில் போன ஆசிரியை திரும்பவில்லை. இமெல்டாவுக்கு ஒவ்வொரு வருடமும் புது ஒப்பந்தம் போட்டார்கள். கோடை விடுமுறை தொடங்கும் அன்று அது முடியும். பள்ளி திறக்கும்போது மறுபடி கையெழுத்து. இடையில் அவர் வேலையில்லாதவராக அரச வேலைவாய்ப்புக் கந்தோரில் பதிந்துவிட்டுக் காத்திருப்பார். கையெழுத்து வாங்கும்போதெல்லாம் கிளாசன், “அடுத்த வருடம் நிரந்தரமாக்கிவிடலாம்” என்பார். உர்சுலா பக்கத்தில் நின்று தலையாட்டுவார்.

தொண்ணூற்று நான்கில் கனடாவிலிருந்து அல்பேர்ட்டின் தம்பி பென்ஜமின் தொலைபேசியில் வந்தான். கனடாவில் குடியேற அவன் அனுப்பச் சொன்ன விண்ணப்பத்துக்குப் பதில் வந்திருந்தது. பொண் நகரிலிருந்த கனடாத் தூதரகத்தில் நேர்முகத்துக்குப் போகவேண்டியதுதான் பாக்கி.

“தம்பி கேக்கிறான். என்ன சொல்ல?” என்றார் அல்பேர்ட்.

“அடுத்த வருசம் நிரந்தரமாக்கிறன் எண்டு அதிபர் சொல்லிப்போட்டார். உர்சுலாவும் ஓமெண்டவ. இதை விட்டிட்டு அங்கை போய் நான் திரும்பவும் முதலிலயிருந்தே தொடங்கிறது?”

“அவை சொன்னா நடக்குமோ?”

“இவை எங்கட ஆக்கள் மாதிரி இல்லையப்பா. சொன்னாச் செய்வினம்.”

கனடாவிலிருந்து அழைப்பு வந்ததை இமெல்டா உர்சுலாவிடமும் சொல்லியிருந்தார். நேர்முகத்துக்கு அவர்கள் போகவில்லை.

தொண்ணூற்றாறு வசந்தத்தில் பிர்கிட் என்ற இளம் ஆசிரியை பள்ளிக்கு வந்தார். பல்கலைக்கழகப் படிப்பு முடித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்தவர். அவரைச் சில வாரம் வகுப்பில் கூட வைத்துக்கொள்ளச் சொல்லிக் கிளாசன் கேட்டார். இமெல்டா மனம் நிறைந்து செய்தார். எந்தப் பிள்ளைக்கு வாய் திறக்கக் கூச்சம், யாரை எங்கே இருத்தினால் கதைக்கும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

விடுமுறைக்குச் சற்று முன்னர் ஆசிரியர் அறையில் கேக் வைத்தார்கள். பிர்கிட்டுக்கு நிரந்தர நியமனம் என்று கிளாசன் அறிவித்தார். அடுத்தது தன் பெயர் என்று நினைத்து இமெல்டாவும் கைதட்டினார். கிளாசன் கேக்கை வெட்டத் தொடங்கிவிட்டார்.

இமெல்டா அவருடைய அறைக்குப் போனார்.

“உங்களுக்கு வழமைபோல ஒரு வருட ஒப்பந்தம் இருக்கிறது” என்றார் கிளாசன்.

“நிரந்தரம் என்றீர்களே?”

“உங்களிடம் ஜேர்மன் அரச ஆசிரியர் பரீட்சை இல்லை. இரண்டாவது பாடமும் இல்லை. விதி அப்படி. என்னால் எதுவும் செய்ய முடியாது.”

“இது உங்களுக்கு எப்போதிருந்து தெரியும்?”

கிளாசன் கண்ணாடியைக் கழற்றினார். “தொடக்கத்திலிருந்தே தெரியுமே. உர்சுலா உங்களிடம் சொல்லவில்லையா?”

உர்சுலா பள்ளி வாசலில் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். இமெல்டாவின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

“சொல்லியிருந்தால் நீங்கள் கனடாவுக்குப் போயிருப்பீர்கள்” என்றார். “உங்களைப்போல ஒருவர் எங்களுக்குக் கிடைத்திருக்கமாட்டார்.”

“இப்போது பிர்கிட் கிடைத்துவிட்டார்” என்றார் இமெல்டா. “நான் போவதா இருப்பதா என்று நீங்கள் எப்படி முடிவெடுத்தீர்கள், உர்சுலா? நான் உங்களோடு பாடினேன்.”

உர்சுலா அழுதார். இமெல்டாவுக்கு அழுகை வரவில்லை. அதுதான் தனக்கே பயமாக இருந்தது என்று பின்னொருநாள் சொன்னார்.

வீட்டில் அல்பேர்ட், “நான் அப்பவே சொன்னனான்” என்று ஒரு சொல் சொல்லவில்லை. மறுநாள் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தார். பழைய விண்ணப்பம் முடிந்த கதை, புதிதாகப் போடவேண்டும் என்றான் அவன். இடைப்பட்ட இரண்டு வருடத்தில் அல்பேர்ட்டின் முதுகெலும்பு பழுதாகி ஒரு சத்திரசிகிச்சையும் நடந்திருந்தது. “இனி மருத்துவச் சோதனை பாஸ் பண்ண ஏலாது” என்று ரிசீவரை வைத்தார்.

இமெல்டா ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. சொந்தக் காரணங்களால் விலகுவதாகப் பிள்ளைகளிடம் சொல்லும்படி கிளாசன் கேட்டுக்கொண்டார். கடைசிப் பாடத்தில் இமெல்டா, எல்லோருக்கும் விளங்கும்படி எளிய ஆங்கிலத்தில், மெதுவாக உண்மையைச் சொன்னார். தன்னை இங்கே ஒருபோதும் நிரந்தரமாக்க முடியாதாம், அதைத் தனக்கு யாரும் சொல்லவில்லை என்றார். பெற்றோர் சிலர் அதிபரிடம் போய்ச் சத்தம் போட்டார்கள். விதி விதிதான் என்று கிளாசன் அனுப்பிவிட்டார்.

இலையுதிர்காலத்தில் மூன்ஸ்டரில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பனியில், வெளிநாட்டுத் துறைமுகங்களோடு ஆங்கிலத்தில் தொலைபேசும் வேலை கிடைத்தது. ஆறு மாதத்தில் நிரந்தரமாக்கினார்கள். அந்தச் செய்தியை அவர் இரவுச் சாப்பாட்டின்போது, உப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

பாடகர் குழுவுக்கு அவர் பிறகு போகவில்லை. மாதமொருமுறை நடக்கும் தமிழ்த் திருப்பலியோடு சரி. நத்தார்ப் பண்டிகைக்கு முன் ஒருநாள் உர்சுலா பிஸ்கட் தட்டோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். இமெல்டா தட்டை வாங்கினார், நன்றி சொன்னார், உள்ளே வரும்படி சொல்லவில்லை.

“ஆர் வந்தது?” என்று உள்ளேயிருந்து அல்பேர்ட் கேட்டார்.

“தெரிஞ்ச ஒரு ஆள்” என்றார் இமெல்டா.