பிலிம் வந்ததும் முதற்படம்

பேருந்தைக் கடைசித் தரிப்பிடத்தில் நிறுத்தியதும் லூக்காஸ் குடுவையிலிருந்து தேநீரை மூடியில் ஊற்றிக்கொண்டு இறங்கி, தரிப்பிடக் கண்ணாடிக்குள் இருக்கும் விளம்பரத்துக்கு முன்னால் போய் நிற்கிறார். ஒரு மிடறு குடிக்கிறார். ஓரடி பின்னால் வருகிறார். தலையைச் சரித்துப் பார்க்கிறார். இந்தக் கிழமை ஒரு வங்கியின் முறை. வெள்ளை வீட்டு வாசலில் இளம் சோடி ஒன்று, கையில் திறப்பு, வாய் நிறையச் சிரிப்பு.

"பொய்ச் சிரிப்பு," என்கிறார், பக்கத்துப் பேருந்திலிருந்து இறங்கி வரும் சிவானந்தனிடம். "வீட்டுக்குக் கடன் எடுத்த சனம் இப்பிடிச் சிரிக்குமோ? நீர் எடுத்த நேரம் சிரிச்சனீரோ?"

"நான் அண்டைக்குச் சாப்பிடவேயில்லை அண்ணை. மார்க்கைப் போட்டிட்டு ஏறுங்கோ. சனம் மழைக்கை நிண்டு உங்களைத்தான் பாக்குது."

"பத்துக்கு ரெண்டு. அதுவும் அந்தப் பிள்ளையின்ரை மூக்குக்கு."

மார்க் போட்ட பிறகுதான் ஏறுவார். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்து மாடிக் குடியிருப்புகளுக்கும் நகரத்துக்கும் இடையில் பேருந்து ஓட்டியே அவருக்குத் தலை நரைத்தது. ஓய்வுக்கு இன்னும் கொஞ்சக் காலந்தான். மீசையைப் பென்சில் கோடு போல ஒதுக்கியிருப்பார். சீருடைச் சட்டையின் மேல் பொத்தானைக் கோடையிலும் திறக்கமாட்டார். வழமையாக ஏறும் பயணிகளை அவர் பெயரால் அறியமாட்டார், வெளிச்சத்தால் அறிவார். இன்ன கிழவருக்கு இடப்பக்கத்து முகம் நல்லது, இன்ன தாதிக்கு மேகமூட்டந்தான் வடிவு. கடைகளின் 'தில்பூட்' என்ற மலிவு அறிவித்தல்களைக் கண்டால் மட்டும் முகத்தைச் சுளிப்பார். "தில்பூட், தில்பூட் எண்டு ஒரே கத்தல். பொருள் கிடக்கேக்கை ஆரும் கத்தலாம். ஒண்டுமில்லாத நேரம் விளம்பரம் போட்டுக் காட்டட்டும் பாப்பம்."

அவர் போட்டுக் காட்டியவர்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி பேருந்து நிலையத்துக்கு எதிரே 'லூக்காஸ் ஸ்டூடியோ' என்று ஒரு படப்பிடிப்புக் கடை இருந்தது. கறண்ட் இல்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் சவர்க்காரம், பற்றறி, மெழுகுதிரி எல்லாம் ஒவ்வொன்றாக மறைந்து போயின. பிலிம் றோலும் போயிற்று. ஊர் தன் பாட்டுக்கு வழி கண்டுபிடித்துக்கொண்டது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து ஒரு சொட்டு மண்ணெண்ணெயில் விளக்கெரித்தார்கள். பனம்பழத்தைப் பிசைந்து துணி தோய்த்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிக்க மற்றவர்கள் டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டார்கள். ஆனால் பிலிமுக்குப் பதிலாகப் பிசைவதற்கு எந்தப் பழமும் இல்லை. லூக்காஸ் காலையில் கடையைத் திறப்பார், கமராவைத் துடைப்பார், பின்னேரம் பூட்டுவார்.

அந்த நாட்களில் கடதாசிக்கும் தட்டுப்பாடு. அமெரிக்க மிஷன் காலத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்து ஓய்ந்த ஸ்ரீஸ்கந்தராசா மாஸ்ரர், அமெரிக்காவிலிருந்து வந்த பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளைக் கட்டாகக் கட்டிக் கடைகளுக்கு நிறுத்துக் கொடுத்தார். பிலிம் வந்தால் படங்களைச் சுற்றிக் கொடுக்க என்று லூக்காஸும் ஒரு கட்டு வாங்கினார். பிரித்துப் பார்த்தால் எல்லாம் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா சண்டை பிடித்த காலத்து இதழ்கள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தார். கட்டுரைகளை விட்டுவிட்டு விளம்பரங்களை வாசித்தார்.

ஒரு விளம்பரத்தில் ஒரு சின்ன ஊரின் கடைத்தெரு. யன்னலில் நீல நட்சத்திரம் போட்ட ஒரு துணி தொங்குகிறது. அந்த வீட்டுப் பிள்ளை போருக்குப் போயிருக்கிறானாம். சமையலறையில் ஒரு தாய், பொரித்த கொழுப்பை வடித்துத் தகரத்தில் சேர்க்கிறாள், வெடிமருந்துக்குக் கொடுக்க. காலுறை கிடைக்காத பெண்கள் காலில் பென்சிலால் தையற்கோடு வரைந்துகொள்கிறார்கள். முழுப் பக்கத்தில் துணி தோய்க்கும் இயந்திரம் ஒன்று. அதற்குக் கீழே எழுதியிருந்ததுதான் அவரை எழுந்து நிற்க வைத்தது. இப்போது உங்களுக்குத் தர எங்களிடம் இயந்திரம் இல்லை, தொழிற்சாலை வேறு வேலை செய்கிறது, இருக்கிற பழையதைக் கவனமாகப் பாருங்கள், எல்லாம் முடிந்ததும் வருவோம்.

"விக்க ஒண்டுமில்லை. ஆனா விளம்பரம் முழுப் பக்கம்!" இப்போது சொல்லும்போதும் அவருக்கு வியப்பு அடங்குவதில்லை. "பேரை மறந்து போகாதேங்கோ எண்டு கேக்கிறான். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்திட்டுது தம்பி." சற்றுப் பொறுத்து இதையும் சேர்ப்பார்: "ஒரு வித்தியாசம். அவையின்ரை தெருவிலை சண்டை தபால்ல வந்தது. எங்கடை தெருவிலை கூரைக்கு மேலாலை வந்தது."

அடுத்த நாள் ஸ்டூடியோ வாசலில் ஒரு கரும்பலகை முளைத்தது. "லூக்காஸ் ஸ்டூடியோ. இன்று பிலிம் இல்லை. சிரிப்பைப் பழுதாகாமல் வைத்திருங்கள்." மறுநாள் வேறு வாசகம். "எங்களிடம் பிலிம் இல்லை, உங்களிடம் முகம் இருக்கிறது. பாதி வேலை முடிந்தது." பேருந்து வராத பேருந்து நிலையத்தைக் கடந்தவர்கள் சைக்கிளை நிறுத்தி வாசித்தார்கள். பொம்பர் விமானம் குண்டு போட்டுவிட்டுப் போன நாட்களிலும், புகை அடங்கியதும் யாராவது வந்து பார்ப்பார்கள், பலகையில் இன்றைக்கு என்ன என்று. எல்லோருக்கும் பாடமாகிப்போன வாசகம் ஒன்று உண்டு: "பிலிம் வந்ததும் முதற்படம் உங்களுடையது." ஊரில் எல்லோரும் அந்த 'உங்களுடையது' தன்னுடையதுதான் என்று நம்பினார்கள்.

மரியகொறற்றியும் நம்பினார். அதில் அவருக்கு மற்றவர்களைவிட உரிமை அதிகம். தொண்ணூற்றிமூன்றில் லூக்காஸைக் கலியாணம் கட்டியவர் அவர்தான். ஊரிலுள்ள எல்லாச் சோடிகளையும் படம் பிடித்தவரின் கலியாணத்துக்குப் படம் இல்லை.

தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில், சண்டை நின்றிருந்த அந்தச் சிறிய இடைவெளியில், கொஞ்சம் பிலிம் வந்து சேர்ந்தது. கொறற்றி கலியாணக் கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்து, ஸ்டூடியோ வாங்கில் வந்து உட்கார்ந்திருந்தார். வெளியே பேருந்து நிலையம் வரைக்கும் சனம். ஊரை விட்டு வெளியேறப் பாஸ் எடுக்கப் படம் வேண்டியவர்கள், மகனைக் கொழும்புக்கு அனுப்பும் தாய், கண் தெரியாமல் போகும் முன்னர் ஒரு படம் என்று தூக்கிக்கொண்டு வரப்பட்ட ஒரு பெரியவர். "கொறற்றி, இவையை மட்டும்," என்றார் லூக்காஸ். "இந்த ஒரு ஆள் மட்டும்." வெயில் சாயும்போது றோல் எல்லாம் முடிந்திருந்தது. கொறற்றி எழுந்து பூவைக் கழற்றினார். சண்டை பிடிக்கவில்லை. அடுத்த முறை பிலிம் வந்து கூப்பிட்டபோது, "எனக்கு வேலை கிடக்கு," என்றார். அடுத்த ஆண்டு ஊர் இடம்பெயர்ந்தது. கடை போயிற்று, பலகை போயிற்று. ஒஸ்லோவுக்கு வந்து, கமராவுக்குள் பிலிமே தேவைப்படாத காலமும் வந்தது. லூக்காஸ் கமராவைத் தூக்கினால் கொறற்றி இன்றைக்கும் அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

இத்தனை காலமும் அது வீட்டுக்குள் ஒரு பகிடியாகவே ஓடியது. மகள் லீசாவுக்கு இந்தச் சனிக்கிழமை கலியாணம் என்றானதும் பகிடி போய்விட்டது. மாப்பிள்ளை ஹோக்கோன், துரொண்ட்ஹெய்ம் நகரத்து நோர்வேப் பிள்ளை. மண்டப வாசல் மேசையில் இரு பக்கத்துப் பெற்றோரின் கலியாணப் படத்தையும் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். ஹோக்கோனின் தாய் வெள்ளிச் சட்டத்தில் போட்ட படத்தை முன்கூட்டியே அனுப்பியிருந்தார். பனி கொட்டும் தேவாலய வாசல், காற்றில் பறக்கும் முக்காடு, இருவரும் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறார்கள். லூக்காஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பத்துக்கு எத்தனை என்று சொல்லவில்லை.

"இதுக்குப் பக்கத்திலை நான் எதை வைக்கிறது?" என்றார்.

புதன்கிழமை மாலை லீசா கைத்தொலைபேசியோடு வந்தாள். "ஸ்லாப் ஆவ், அப்பா. ரென்சன் ஆகாதேங்கோ. நான் செய்திட்டன்." செயற்கை அறிவிடம் கேட்டு ஒரு படம் செய்வித்திருந்தாள். பூவளைவுக்குக் கீழே மணமக்கள். மாப்பிள்ளையின் மீசை அசல் லூக்காஸின் மீசை. தலைக்கு மேலே கண்ணாடி விளக்குக் கொத்து ஒன்று எரிந்தது.

வேலையால் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்ற கொறற்றி எட்டிப் பார்த்தார். "ஆர் இந்தப் பொம்பிளை?"

"அது நீங்கள் அம்மா!"

"என்ரை பல்லு இவ்வளவு வெள்ளையோ? அங்கை பார், லைற் எரியுது. தொண்ணூற்றிமூண்டிலை சாவகச்சேரியிலை கறண்ட் எங்கையடி வந்தது? பங்குச்சாமியே ரோச்சுக்குப் பற்றறி இல்லாமல் தடவித் தடவித்தான் வந்தவர்."

லீசா சிரித்தாள். லூக்காஸ் சிரிக்கவில்லை. அவர் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நிழல் ரெண்டு பக்கமும் விழுது," என்றார் மெல்ல. "ஆனா ஆருக்குத் தெரியப்போகுது. பிறின்ற் போட்டு வைப்பம். சபையிலை வெறும் மேசையாக் கிடக்காது."

கொறற்றி திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார்.

"இஞ்சருங்கோ. பொம்பர் சுத்திக்கொண்டு திரியேக்கை, இல்லாததை இல்லை எண்டு ஊருக்கே எழுதிப் போட்ட மனிசன் நீங்கள். அதை வாசிச்சுத்தான் நான் உங்களைக் கட்டினனான். இப்ப எல்லாம் கிடக்கேக்கை பொய்யைக் கொண்டுபோய் மேசையிலை வைக்கப்போறியளோ?"

வடக்கத்திய கோடையின் பின்னேர வெயில் பல்கனிக் கதவால் சரிந்து நிலத்தில் கிடந்தது. அது லூக்காஸின் கண்ணில் பட்டதை லீசா கண்டாள். அவர் ஓசைப்படாமல் உள்ளே போய் முக்காலியையும் கமராவையும் கொண்டுவந்தார். கொறற்றி இந்த முறை அடுத்த அறைக்குப் போகவில்லை. ஒரு கதிரையை இழுத்துக் கதவோரம் போட்டு இருந்தார்.

"கூறை கட்டேல்லையோ?" லூக்காஸின் குரல் கேட்கவே பயந்தது போல இருந்தது.

"கூறையைக் கட்டினா அண்டைக்கு எடுத்த மாதிரிக் கிடக்கும். அதுவும் பொய்தானே. முதியோர் இல்லத்திலை வேலை முடிச்சு வந்தனான், இப்பிடியே எடுங்கோ. கீழை இண்டையான் திகதியைப் போடுங்கோ."

லூக்காஸ் முக்காலியைத் தாழ்த்தினார், உயர்த்தினார். ஆயிரம் முகங்களைப் பார்த்த மனிதர் இந்த ஒரு முகத்துக்கு முன்னால் புதிதாகத் தொழில் பழகுபவர் போலத் தடுமாறினார். "நாடியைக் கொஞ்சம் இறக்கும் கொறற்றி. கண்ணை இஞ்சாலை. அப்பிடியே..."

"ஆரை எடுக்கிறியள்?"

"உம்மைத்தான்."

"அப்ப நான் தனியவோ கலியாணம் கட்டினனான்?"

கமராவுக்குப் பின்னால் இருந்து லூக்காஸின் தலை மெதுவாக மேலே வந்தது. ஸ்டூடியோ வாங்கில் கொறற்றி கூறையோடு காத்திருந்த அந்த நாளில் அவர் தன் மனைவியைப் படம் எடுக்கத்தான் எண்ணியிருந்தார். பிறகு இத்தனை காலமும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். படத்துக்குள் தனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை.

"அப்பா, தாங்கோ. போய் நில்லுங்கோ," என்று லீசா கமராவைப் பிடித்தாள்.

அவர் போய்க் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார். நின்ற இடத்திலிருந்தே வேலையைத் தொடங்கினார். "வெளிச்சம் அம்மாவின்ரை வலப்பக்கத்தாலை வருது, கவனம். கிட்டப் போகாதை. என்னை விடு, அம்மாவின்ரை கண்ணிலை போக்கஸ் வை."

"அப்பா, பேசாமல் நில்லுங்கோ!"

பேச்சை நிறுத்தினார். பக்கத்தில் தொங்கிய வலது கை மட்டும் நிற்கவில்லை. அதன் சுட்டுவிரல், இல்லாத பொத்தான் ஒன்றை வெறுங்காற்றில் அமத்திக்கொண்டே இருந்தது. கொறற்றி கமராவைப் பார்த்தபடியே, தலையைத் திருப்பாமல், கையை நீட்டி அந்த விரலைத் தன் உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டார்.