கப்பல் ஆட்களுக்கு ஊர் காட்டிய காலை

காலை ஆறு நாற்பதுக்குத் துறைமுக வீதியிலிருந்து முதலில் தெரிந்தது ஒரு மஞ்சள் புகைக்குழாய். குன்றின் பின்னால் அது மெதுவாக நகர்ந்தது. கப்பலின் உடல் வெளிப்பட இன்னும் சில நிமிடங்கள் ஆயின. வெளியில் பெரிதாயிருந்த கப்பல், உள்துறைமுகத்தின் ஒரு மூலையில் நங்கூரமிட்டபோது வள்ளமாகச் சிறுத்துப்போனது. எங்கள் துறைமுகத்தில் எல்லாக் கப்பலுக்கும் இதுதான் நடக்கும்.

எழுபதுகளின் நடுப்பகுதி, ஆவணி மாதம். நான் கொழும்புப் பத்திரிகையொன்றின் திருகோணமலை நிருபர். என் மனைவி பெண்கள் பாடசாலையில் சரித்திரமும் ஆங்கிலமும் படிப்பித்தாள். கப்பல் பயணிகளை அரை நாள் ஊர் சுற்றிக் காட்டும் ஒழுங்கு கொழும்பு முகவர் ஒருவருடையது. வழிகாட்டியையும் அங்கிருந்தே அழைத்து வருவார். முன்பு வந்த வழிகாட்டி கோட்டை வாசலில் நின்று, இது பிரிட்டிஷ் கடற்படை தங்கிய இடம் என்ற ஒரே வசனத்தோடு ஊரை முடித்ததை அவள் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். பல நாட்கள் வீட்டில் அதே கதைதான்.

இம்முறை வழிகாட்டிக்குக் காய்ச்சல். முகவர் அவளிடம் வந்து கேட்டார். பயணிகள் திருப்தியோடு திரும்பினால் இனிவரும் கப்பல்களுக்கும் அவள்தான். முறைப்பாடு வந்தால் பழையபடி கொழும்பு ஆள். இதைச் சொல்வதற்கு அவர் கதிரையில்கூட உட்காரவில்லை.

முகவர் முன் ஆசனத்தில் இருந்தார். செய்தி எழுதவென்று நானும் பஸ்ஸின் பின் ஆசனத்தில் ஏறிக்கொண்டேன்.

அவள் சாரதிக்கு முதுகு காட்டி, கம்பியைப் பிடித்தபடி பயணிகளைப் பார்த்து நின்றாள். முதலில் ஊரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாரும் 'போகிறேன்' என்று விடைபெறுவதில்லை, திரும்பி வருவதாகச் சொல்லித்தான் புறப்படுவார்கள் என்று ஆங்கிலத்தில் விளக்கி, 'போயிட்டு வாறம்' என்பதைப் பலமுறை சொல்லிக் கொடுத்தாள். பயணிகள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற வயதினர். வகுப்புப் பிள்ளைகளைப்போல் ஒன்றாகச் சொன்னார்கள்.

எல்லோரும் 'நானா' என்று அண்ணன் முறை சொல்லி அழைக்கும் கிண்ணியாக்காரச் சாரதி கண்ணாடியில் பார்த்தார். "ரீச்சர், உவங்களுக்குத் தமிழ் வந்திட்டுதெண்டா நான் இனி என்னண்டு வாய்விட்டுப் பேசுறது?"

"நீங்கள் ரோட்டைப் பாருங்கோ நானா."

கோட்டை வாசலில் கல்லில் செதுக்கிய இரட்டைக் கயலைக் காட்டினாள். மலைமேல் நின்ற பழைய சிவன் கோவிலை இடித்தவர்கள் அதன் கற்களைக் கோட்டைக்குப் போட்டதையும், பிறகு அந்தக் கோட்டை கைமாறிக் கைமாறிப் போனதையும் தேதி தவறாமல், கோபமில்லாமல் சொன்னாள். புள்ளிமான் ஒன்று ஒரு பயணியின் வரைபடத்தைத் தின்றது. கோட்டைக்குள் உயர்ந்து நிற்கும் சுவாமி மலையில், கோவிலுக்காக எல்லோரும் சப்பாத்தைக் கழற்றினார்கள். பாறை ஏற்கெனவே சுட்டது. பாறை கடல்வரை பிளந்து கிடக்கும் இராவணன் வெட்டின் விளிம்பில் நின்று கீழே பார்த்தபோது, அதுவரை ஓயாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் கமராவை இறக்கினார். தெளிந்த நீரில் ஆமையொன்று திரும்பிக்கொண்டிருந்தது. தினமும் பார்க்கிற கடல்தான். அன்று அதை நானே கட்டி முடித்தவன்போல நின்றேன்.

காவலாளிக்கும் கற்பூரக் கடைக்காரிக்கும் அவர்கள் கூட்டாகப் 'போயிட்டு வாறம்' சொன்னார்கள். முகவர்கூடச் சிரித்தார்.

கடைசி இடம் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். பஸ் நின்றபோது அங்கே ஒரு குடும்பம் இருந்தது. தலை வழித்த இரண்டு ஆண்கள் ஈர வேட்டியோடு ஐயருக்கு முன்னால் குந்தியிருந்தார்கள். அந்தியேட்டி. இறந்தவருக்குச் செய்யும் முப்பத்தோராம் நாள் கிரியை.

"விட்டுப்போட்டுப் போக ஏலாது. கன்னியா நிகழ்ச்சி நிரலில கிடக்கு" என்றார் முகவர்.

"கேக்காமல் போகவும் ஏலாது" என்றாள் அவள்.

கமராக்களை ஆசனத்திலேயே வைக்கும்படி பயணிகளிடம் சொல்லிவிட்டு, தனியே போய்க் கேட்டாள். இறந்தவரின் மகள், நடுவயதுக்காரி, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "வரட்டும் பிள்ளை. கிணறு எங்கட வளவுக்குள்ளயோ கிடக்கு?"

பயணிகள் சத்தமில்லாமல் இறங்கினார்கள். கிணறு கிணறாகக் கைவைத்து, ஒவ்வொன்றிலும் சூடு வேறு என்று தலையசைப்பால் மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இதைவிட மரியாதையாக எங்கள் ஆட்களே நடந்திருக்க மாட்டார்கள். புறப்படும் நேரம், பயணிகளில் முன்னால் நின்ற வெள்ளை முடி மூதாட்டி குடும்பத்தின் பக்கம் திரும்பி, கைகூப்பி, தெளிவாகச் சொன்னார்:

"போயிட்டு வாறம்."

பின்னால் நின்ற அத்தனை பேரும் அதையே சொன்னார்கள்.

இழவு நடந்த இடத்திலிருந்து எங்களில் எவரும் அப்படிச் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. பேசாமல் எழுந்து போவதுதான் முறை. திரும்பி வருவதென்றால் இன்னொரு சாவுக்கு வருவதாகும். ஐயரின் கை அந்தரத்தில் நின்றது. சாரதி தோளில் கிடந்த துவாயை வாய்க்குள் வைத்தார். என் மனைவி குடும்பத்தின் பக்கம் ஓரடி வைத்தாள்.

மகள் அவர்களை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு சிரித்தார். அடக்க முடியாத சிரிப்பு. "வாங்கோ, வாங்கோ. எங்கட அம்மாவுக்கு வீட்டுக்கு ஆக்கள் வந்தால் காணும், அடுப்பு மூட்டிப்போடுவா. கப்பலோடயே வந்து நிண்டால் விடுவாவோ?"

தலை வழித்த ஆண்களில் ஒருவர், "அக்கா, மெல்லமா" என்றார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

பஸ் கிளம்பியதும் முகவர் மெதுவாகச் சொன்னார்: "ஒண்டும் சொல்லாதையுங்கோ ரீச்சர். அவையளுக்கு விளங்கேல்லை."

அவள் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள். நடந்ததை முழுவதும் ஆங்கிலத்தில் சொன்னாள். எங்கே சொல்லக்கூடாது என்பதைத் தான் சொல்லிக் கொடுக்கவில்லை, பிழை தன்னுடையது என்றாள். மகள் சொன்ன பதிலையும் சொல் சொல்லாக மொழிபெயர்த்தாள். மூதாட்டி கைக்குட்டையை எடுத்தார். திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒருவர் கேட்டார்.

"வேண்டாம். திரும்பிப் போனால் சொன்னதைச் செய்ததாகிவிடும்" என்றாள்.

பஸ் முழுவதும் சிரித்தது. பிறகு துறைமுகம் வரை கேள்விகள். இறந்த அம்மா யார், ஏன் வெந்நீரில், ஏன் முப்பத்தோராம் நாள். என் தொழிலில் பல மேடைகளுக்கு முன்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். இவ்வளவு பேர் ஒரு ஊரைப் பற்றி இவ்வளவு கேட்டதை எங்கும் கண்டதில்லை. நான் குறிப்பெடுப்பதையும் மறந்திருந்தேன்.

இறங்குதுறையில் பயணிகள் படகில் ஏறிய பின் முகவர் எங்களிடம் வந்தார்.

"கோட்டையைப் பற்றி ஒரு சனம் கதைக்கேல்லை. எல்லாரும் கிணத்தடிக் கதைதான்."

"நல்லாச் சொல்லுகினமோ, குறையாச் சொல்லுகினமோ?" என்றாள்.

"அது எனக்குப் பிடிபடேல்லை" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார்.

வீடு திரும்பும் வழியில் அவள் ஒருமுறைதான் வாய் திறந்தாள். "என்னப்பா, உந்த ஆள் இனிக் கூப்பிடாது, என்ன?"

"நீர் சொன்னதில பிழை ஒண்டும் இல்லை" என்றேன்.

"நான் அதைக் கேக்கேல்லை."

அடுத்த கப்பல் பங்குனியில் வந்தது. வழிகாட்டி எவரையும் கூட்டிவராமல், கொழும்பிலிருந்து முகவர் மட்டும் வந்திருந்தார்.