ஊதா நிறத்தில் ஒரு தோத்தாபுரி

போன வாரம் சித்தூர் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரி வாசலில், வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். கையில் எங்கள் கம்பெனி செய்த குட்டி மெஷின். பின்னால் மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள்... வரிசை மெயின் ரோட்டைத் தொட்டுவிட்டது.

மெஷின் என்ன செய்யும்? திரையில் மாங்காய்ப் படத்தைத் தொட்டால் போதும் — ரகம் பதிவாகிச் சீட்டு வந்துவிடும். வந்திருக்க வேண்டும். இரண்டாவது டிராக்டருக்கே உறைந்து நின்றுவிட்டது.

"பேப்பர்ல எழுதியே அனுப்பிடறேன் சார். லைன்ல சண்டை வந்துடும்" என்றார் கேட் சூப்பர்வைசர் பாஸ்கர். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அவர் பேனாவை எடுத்தால் நாங்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

புரோகிராம் எழுதியவள் சுமதி. சத்தியவேடு பெண், திருப்பதி ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கிறாள். அவளுக்கு இது முதல் புராஜெக்ட். காலி கிரேட்டின் மேல் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"படமெல்லாம் சுருக்கித்தானே வச்சோம்?" என்றேன்.

"வச்சிருக்கறப்ப சின்னதுதாண்ணா. காட்டணும்னா விரிக்கணுமே. விரிச்ச படத்த மெமரியில இருந்து நான் எடுக்கவே இல்ல. ஒண்ணு மேல ஒண்ணு சேர்ந்துகினே போவுது."

சூட்கேஸில் மடித்த புடவையைப் பிரித்தால் கட்டில் பூராவும் பரவுமே, அப்படி. இந்த மெஷினில் இருப்பதோ ஒற்றைக் கட்டில்!

காட்டி முடித்த படத்தை உடனே அழிக்கும்படி மாற்றினாள். இடம் மிச்சமாகட்டும் என்று நிறங்களையும் குறைத்தாள். மெஷின் ஓடியது. அடுத்து நின்றவர் வெதுருகுப்பம் விவசாயி முனிரத்தினம். தோத்தாபுரி — நம்ம கிளிமூக்கு மாங்காய்தான் — ஏற்றி வந்திருந்தார். திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, மாங்கா ஏத்தினு வந்தா கத்திரிக்கா காட்டுது?"

காட்டியது. நல்ல ஊதா. ஃபேக்டரியின் முத்திரை ஊதா நிறம். மெஷினை ஆன் செய்ததும் திரையில் அதுதான் வர வேண்டும் என்பது அவர்கள் கட்டளை. நிறங்களைக் குறைத்ததில் முத்திரையின் நிறங்கள் மட்டும் மெமரியில் அப்படியே தங்கிவிட, மாங்காய் அந்தச் சாயத்திலேயே குளித்து வந்திருக்கிறது.

வரிசையே சிரித்தது. சுமதி மட்டும் தலை நிமிரவில்லை.

ஆனால் சிரிக்கிற கூட்டம் சண்டை போடாது, இல்லையா? பாஸ்கர் எடுக்கப்போன பேனாவைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டார். "டீ குடிக்கிற நேரம் பொறுங்கப்பா. பாப்பா சரி பண்ணிடும்."

ஒவ்வொரு படத்தோடும் அதனதன் நிறங்களும் வரும்படி செய்தாள். டீ வருவதற்குள் திரையில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு தோத்தாபுரி. அடுத்து நீலம் மாங்காய், அடுத்து அல்போன்சா... மெஷின் நிற்கவில்லை. சுமதி அப்போதுதான் மூச்சு விட்டாள். நானும்தான்.

"இப்ப சரியா கீதா மாமா?" என்று முனிரத்தினத்தைக் கேட்டாள்.

அவர் திரையைப் பார்த்தார். திரும்பித் தன் டிராக்டரைப் பார்த்தார்.

"படத்துல ரொம்ப நல்லாதான் கீதும்மா. ஃபேக்டரிக்காரங்க, உன் மாங்கா இதுமாரி இல்லன்னு என்னைத் திருப்பி அனுப்பாம இருந்தா சரி."

அதற்கு எங்களிடம் புரோகிராம் இல்லை.