பீம்தாலுக்குப் போய்ப் பொக்லைன் கேட்டது

2006 பிப்ரவரி இருபதாம் தேதி, திங்கட்கிழமை. காலை ஏழு மணிக்குத் தவளக்குப்பம் சந்திப்பில் டவுன் பஸ் ஏறினேன். புதுச்சேரிக்கு எட்டு கிலோமீட்டர், டிக்கெட் நான்கு ரூபாய். அதுவரை நான் போயிருந்த தூரத்து ஊர் திருப்பதிதான். இப்போது போவது இமயமலைப் பக்கம், பீம்தால் என்ற ஊருக்கு. பஸ் கிளம்புவதற்குள்ளேயே பையை மூன்று தரம் திறந்து பார்த்து மூடினேன். பயமா சந்தோஷமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

போகிற காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் சந்திப்பிலிருந்து கடல் பக்கமாக உள்ளே தள்ளி இருக்கிறது. சுனாமி வந்தபோது ஊர்க் குளத்தில் கடல் புகுந்துவிட்டது. மகளிர் குழுவில் நாங்கள் ஒரு வருஷமாக எஞ்சின் வைத்து இறைத்துப் பார்த்தோம். இறைக்க இறைக்க உப்புதான் ஊறியது. ஏரியிலிருந்து குளத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவருகிற வாய்க்காலும் தூர்ந்து கிடந்தது. என் மாடு செவலை அந்தத் தண்ணீரை முகர்ந்து பார்க்கும், என் முகத்தைப் பார்க்கும், திரும்பி நடந்துவிடும். குடிக்க லாரித் தண்ணீர். அதுவும் வந்த அன்றைக்குத்தான்.

மண்ணையும் தண்ணீரையும் காப்பாற்றப் பணம் கொடுக்கிற அறக்கட்டளைக்காரர்கள் அந்த வருஷம் பீம்தாலில் கூடினார்கள். பல ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டு, யாருக்கு என்ன செய்வது என்று அங்கேதான் பேசி முடிவெடுப்பார்களாம். எங்கள் குழுவையும் கூப்பிட்டிருந்தார்கள். பேசுவதற்குத் தலைவி சரோஜா, துணைக்கு நான் என்று ஏற்பாடு. கிளம்புவதற்கு முதல் நாள் சரோஜாவின் மகளுக்குப் பிரசவ வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பேசுகிற வேலை என் தலையில் விழுந்தது. குழுக் கூட்டத்தில் என் முறை வந்தால் பக்கத்தில் இருப்பவளைக் கிள்ளிப் பேசவைக்கிறவள் நான்.

சரோஜா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக சந்திப்புக்கு வந்து என்னை வழியனுப்பினாள்.

“நான் போனா அரை மணி நேரம் பேசுவேன் யக்கா. நீ போறது அவுங்க செஞ்ச புண்ணியம்” என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வாய்க்கால மட்டும் கேட்டுடு. அத விட்டுடாத” என்றாள்.

புதுச்சேரி பஸ் நிலையத்தில் கலையரசி காத்திருந்தது. நெல்லித்தோப்பில் இருக்கிற தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிற பெண். இந்தி, இங்கிலீஷ் இரண்டும் வரும். நான் பேசுவதை அங்கே எடுத்துச் சொல்லப்போவது அதுதான். சென்னைக்கு ஐம்பத்தைந்து ரூபாய் டிக்கெட். அன்று சாயங்காலம் டெல்லி ரயில் ஏறினோம். டெல்லி இரண்டாயிரத்து நூற்றெண்பது கிலோமீட்டர் என்று கலையரசி சொன்னபோது, அவ்வளவு தூரம் போய் நான் வாயைத் திறக்காமல் திரும்பினால் என்ன ஆகும் என்றுதான் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் ரயில்தான். காலையில் பார்த்த மண் ஒரு நிறம், மதியம் பார்த்த மண் வேறு நிறம். ஜன்னலை விட்டு நான் நகரவே இல்லை. எதிர் சீட்டில் விழுப்புரத்துக்காரர் ஒருவர், ராணுவத்தில் இருக்கிறவர், லீவு முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார். நான் எங்கே, எதற்குப் போகிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்.

“பயப்படாத ஆயா. அந்தக் குளுருக்கு வாயத் தொறந்தா பல்லே பேசிடும்.”

புதன்கிழமை டெல்லியில் இறங்கி, பழைய டெல்லி ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போய் வேறு ரயில் ஏறினோம். வியாழக்கிழமை விடியும்போது காத்கோதாம். தண்டவாளம் அங்கே முடிந்துவிடுகிறது, எதிரே மலை நிற்கிறது. மூச்சு விட்டால் வாயிலிருந்து புகை வந்தது. நான் இரண்டு தரம் வேண்டுமென்றே ஊதிப் பார்த்தேன்.

அங்கிருந்து பீம்தால் இருபத்தொரு கிலோமீட்டர், டாக்சிக்கு நானூறு ரூபாய். டிரைவர் மோகன் என்கிற நடுத்தர வயதுக்காரர். சாலை சுற்றிச் சுற்றி ஏறியது. ஓரத்து மரங்களில் இலை தெரியாமல் சிவப்புப் பூ. ‘புரான்ஸ்’ என்று பெயர் சொன்னார். பீம்தால் என்றால் என்ன என்று கலையரசியைக் கேட்கச் சொன்னேன். நான் அதுவரை பீமன் தின்ற பருப்பு என்றே நினைத்திருந்தேன். ரயிலில் இரண்டு நாளும் தால், தால் என்று சொல்லித்தானே பருப்பு ஊற்றினார்கள்? தால் என்றால் அந்தப் பக்கத்தில் ஏரியாம். கலையரசி இதை மோகனுக்குச் சொல்ல, அவர் ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

ஒரு வளைவு திரும்பியதும் ஏரி. மலைகளுக்கு நடுவில் பச்சையாக, அசையாமல். நடுவில் சின்னத் தீவு ஒன்று. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். எங்கள் ஊரில் இப்போது எல்லாருக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிடுவோம். அங்கேயும் அப்படியே செய்தேன். பல் கூசுகிற குளிர், ஆனால் துளி உப்பு இல்லை.

மோகன் கலையரசியிடம் ஏதோ கேட்டார். “பாஸா ஃபெயிலான்னு கேக்குறாரும்மா.”

“பாஸுன்னு சொல்லு” என்றேன்.

தங்கின இடத்தில் ராத்திரி ஆளுக்கொரு ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு படுத்தேன். நாளைக்கு என்ன பேசுவது என்று யோசிக்க நினைத்தேன். தூங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். பெரிய கூடம், கண்ணாடிக்கு வெளியே ஏரி. சுமார் அறுபது பேர் ஸ்வெட்டரும் சால்வையுமாக இருந்தார்கள். பணக்காரர்கள் என்றால் எப்படி இருப்பார்களோ என்று நினைத்திருந்தேன். டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர்களும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். முதலில் அவர்களுக்குள் பேசிக்கொண்டதைக் கலையரசி என் காதில் சொல்லிக்கொண்டே வந்தது. கொடுத்த இடத்தில் மரம் பட்டுப்போனது, கிணறு வெட்டின இடத்தில் சண்டை வந்தது, இந்தத் தரமாவது சரியான இடத்தில் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். கேட்கிற நமக்குத்தான் கவலை என்று நினைத்திருந்தேன். கொடுக்கிறவர்களுக்கும் அவ்வளவு இருக்கிறது.

அப்புறம் ஊர்க்காரர்கள் முறை. ஆளுக்கு ஐந்து நிமிஷம். மலைக் கிராமத்து ஆள் ஒருவர் ஊற்று வற்றியதைச் சொன்னார். ராஜஸ்தான் பெண் ஒருத்தி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கணீரென்று பேசினாள். 

மேடையில் இருந்த அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்து, “அஞ்சாலை, பாண்டிச்சேரி” என்று கூப்பிட்டார்.

என் சின்ன வயதில் அப்பா மில்லில் வேலை பார்த்தார். அப்போது வெள்ளைக்காரர் காலம், பிரெஞ்சுக்காரர் ஆட்சி. டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்தின கன்னிமார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தேன். கன்னிமாரை மாசேர் என்றுதான் கூப்பிட வேண்டும். காலையில் பேர் கூப்பிட்டால் எழுந்து கைகட்டி, வந்திருக்கிறேன் என்று பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் ஒரு கூடத்தில் என் பேரை யாரும் அப்படி உரக்கக் கூப்பிட்டதில்லை. எழுந்தேன். கைகட்டினேன். “ப்ரெசாந்த், மாசேர்” என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது.

“அட்டெண்டன்ஸ் எடுக்கலம்மா” என்றது கலையரசி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. “பேசக் கூப்புடுறாங்க.”

 அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “ப்ரெசாந்த்!” என்றது. நரைத்த தலையுடன் ஒரு பிரெஞ்சு மதாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுந்து கைகட்டி நின்றார். உடனே மலைக் கிராமத்து ஆள் எழுந்து “ஹாஜிர்” என்றார். ராஜஸ்தான் பெண்ணும் அவள் பாஷையில் ஏதோ சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு நடந்து போய் மைக் முன்னால் நின்றுவிட்டேன்.

“உங்க ஏரித் தண்ணிய வாயில வச்சுப் பாத்தேன். நல்லா இருக்குது” என்று ஆரம்பித்தேன். “எங்க கொளத்துத் தண்ணி கரிக்குது. சுனாமியில கடல் பூந்துடுச்சு. எறைச்சுப் பாத்துட்டோம், போவல. ஏரித் தண்ணி வாய்க்கால்ல வந்து கழுவுனாதான் போவும். வாய்க்கால் தூந்து கெடக்குது, மம்பட்டிக்கு மசியல. ஒரு பொக்லைன் வேணும்.”

கலையரசி ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தது, பொக்லைனில் நின்றுவிட்டது. மண் அள்ளுகிற அந்த மஞ்சள் வண்டிக்குக் கலையரசிக்கும் வேறு பேர் தெரியவில்லை. பொக்லைனுக்குப் பொக்லைன்தானே பேர்? என்னைப் பார்த்தது, கூரையைப் பார்த்தது. என் பேச்சு அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

“பொக்லைன்!” என்று பின்னாலிருந்து மதாம் கத்தினார். கையை நீட்டி, விரலை மடக்கி, காற்றில் மண்ணை அள்ளிக் கொட்டிக் காட்டினார். அது அவர்கள் ஊர்ப் பேராம். நான் தமிழ் என்றே நினைத்திருந்தேன்.

அதற்கு மேல் எனக்குக் கூச்சமே இல்லை. வெட்டின பிறகு வாய்க்காலை யார் பார்த்துக்கொள்வது என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

“நாங்கதான். அங்கதானே இருக்கப்போறோம்” என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் முடிவைச் சொன்னார்கள். மதாமின் அறக்கட்டளை ஆள் அனுப்பி வாய்க்காலைப் பார்க்கும். நான் சொன்னபடி இருந்தால் பொக்லைன் வரும். கலையரசி இதை என் காதில் சொன்னபோது அதன் கையைப் பிடித்து நசுக்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பும்போது மதாம் வழியனுப்ப வந்தார். வெள்ளிக்கிழமை நான் பேசியதில் ஒரு வார்த்தையை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார். “கரிக்குது” என்றேன். அவர் வாயில் அது ‘கரிக்கித்து’ என்று வந்தது. எங்களை ஏற்றிப்போக வந்திருந்த மோகன் தன் பங்குக்கு ஏரியைக் காட்டி, “பாஸ்” என்றார்.

இறங்குகிற வழியெல்லாம் அந்த ஏரியையே நினைத்துக்கொண்டு வந்தேன். அங்கே தண்ணீர் மலையிலிருந்து தானாக இறங்கி வந்து சேர்கிறது. எங்கள் ஊரில் தண்ணீருக்கு வழி விட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். தவளக்குப்பத்தில் இறங்கியபோது சரோஜா நின்றிருந்தாள், பேத்தி பிறந்த சேதியோடு. என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சித்திரையில் ஆள் வந்து பார்த்தார்கள். ஆனியில் பொக்லைன் வந்தது. இதைக் கேட்டு வாங்கியது யார் என்று அதை ஓட்டி வந்தவர் கேட்க, எல்லாரும் என்னைக் காட்டினார்கள். நான் சரோஜாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஐப்பசி மழையில் ஏரித் தண்ணீர் வாய்க்கால் வழியாகச் செம்மண் நிறத்தில் ஓடிவந்து குளத்தில் விழுந்தது. நுரை அடங்கித் தெளிந்ததும் ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். இன்னும் கொஞ்சம் கரித்தது. அதை யாரிடமும் சொல்லாமல் செவலையை ஓட்டி வந்து கரையில் விட்டேன். குனிந்து முகர்ந்தது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது. 

மறுபடி குனிந்தது. வயிறு புடைக்கக் குடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கியது.