முள்ளுக்குத் தீ வைத்தவள்

அந்த முள்ளுக்குத் தீ வைத்தது நான்தான். இன்று இதை எழுத வெட்கம் இல்லை. என் வக்கீல் முன்னால் நின்று சொன்னபோதுதான் மானம் போயிற்று.

கோவில்பட்டிக்குக் கிழக்கே எனக்கு மூன்று ஏக்கர் கரிசல். அதற்குப் போக ஒரே வண்டிப்பாதை. என் வீட்டுக்காரர் இறந்த வருஷம், பக்கத்துப் புஞ்சைக்காரர் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அந்தப் பாதையை அடைத்தார். டிராக்டர் போகாவிட்டால் விதைப்பு இல்லை. சலித்துப்போய் நிலத்தை அவரிடமே விற்றுவிடுவேன் என்று நினைத்தார். விடுவேனா? கோர்ட்டுக்குப் போனேன்.

அடைப்பை நேரில் பார்த்து அறிக்கை எழுத, கோர்ட் ஒரு கமிஷனரை நியமித்தது. "அவர் வந்து பார்க்கிற வரைக்கும் ஒரு முள்ளைக்கூடத் தொடாதீங்கம்மா. அதுதான் நமக்குச் சாட்சி" என்று வக்கீல் படித்துப் படித்துச் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

கமிஷனர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தப் புஞ்சைக்காரர் வரப்பில் நின்று, "ஏட்டி, புருசன் இல்லாதவளுக்கு எதுக்கு வண்டிப்பாதை? பொடிநடையா வந்துட்டுப் போ" என்றார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. தீப்பெட்டி ஆபீஸ்கள் நிறைந்த எங்கள் பக்கம் தீக்குச்சிக்கா பஞ்சம்? அரைமணி நேரத்தில் அடைப்பு சாம்பல்.

மறுநாள் கமிஷனர் வந்து, பாதை திறந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். இரண்டாம் நாளே முள் மறுபடி வந்துவிட்டது.

யாரோ கொளுத்திவிட்டார்கள் என்று வக்கீலிடம் புளுகலாமா என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்தேன். கடைசியில் நடந்ததைச் சொன்னேன். "வழக்கை நான் நடத்துதேன். உங்க கோபத்தை நீங்கதான் நடத்தணும். அதுக்கு நான் எங்கன போய் மனு போட?" என்றார்.

அன்றிலிருந்து என் ஆத்திரத்தை வேலைக்கு அனுப்பினேன். தினமும் காலையில் அடைப்பைச் செல்போனில் படம் எடுத்தேன். ஒரு வாய்தாவையும் விடவில்லை. மனுவை வரி வரியாக வாசித்து, சர்வே எண் தப்பாக இருந்ததைக் காட்டித் திருத்த வைத்தேன். அந்த ஆள் ஏசும்போதெல்லாம், இரு, உனக்கு இருக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுபடி மனுப் போட்டதில், கமிஷனர் இரண்டாம் தடவை வர நாள் குறித்தார்கள். "சார், அவிய முந்தின நாளே முள்ளை எடுத்துருவாவ. நான் அங்கன வச்சு ஒரே ஒரு வார்த்தை பேசிக்கிடட்டுமா?" என்று வக்கீலைக் கேட்டேன்.

"எந்த வார்த்தைன்னு முதல்ல சொல்லுங்க."

சொன்னேன். சிரித்துவிட்டார். "பொய் இல்லையே? பேசுங்க. அதுக்கு மேல ஒரு சொல் கூடாது."

நினைத்தபடியே பாதை சுத்தமாகக் கிடந்தது. நான் நீட்டிய படங்களைப் பார்த்து, "இது வேற இடம்" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். நான் கமிஷனரைப் பார்த்து, "கோர்ட்டுன்னதும் அண்ணாச்சிக்குப் பயம் வந்துட்டு. அவியளே முள்ளை எடுத்துட்டாவ" என்றேன்.

"யாருக்குட்டி பயம்? நான்தான் அடைச்சேன்! நாளைக்கும் அடைப்பேன்! என்ன செஞ்சிருவ?"

அவருடைய வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். கமிஷனர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதி முடிக்கிற வரைக்கும் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆகா, என்ன சுகம்!

பாதையை மறிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. இப்போது விதைப்புக்கு டிராக்டர் போகும்போதெல்லாம், அவர் வீட்டு முன்னால் இரண்டு தடவை ஹாரன் அடிக்கச் சொல்லுகிறேன். அதில் தப்பு ஒன்றும் இல்லையே என்று வக்கீலிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டேன்.