கட்டணம் பிடிக்காத மிஷின்

இங்கே ஒஹாயோவில் நான் பணம் எடுப்பது ஒரு மருந்துக்கடையில். இருமல் மருந்துக்கும் பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளுக்கும் நடுவில் ஏடிஎம் மிஷின் நிற்கிறது. என் சம்பளம் விழும் கிரெடிட் யூனியனுக்கு, நம்மூர் கூட்டுறவு வங்கி மாதிரி, இந்த ஊரில் ஒரே கிளைதான். ஆனால் அது ஏதோ ஒரு நெட்வொர்க்கில் சேர்ந்திருப்பதால், அந்த நெட்வொர்க்கின் எந்த மிஷினிலும் கட்டணமில்லாமல் எடுக்கலாம். வெளி மிஷின் என்றால் மூன்று டாலரை உருவிவிடும். அந்த மூன்று டாலருக்குப் பயந்து ஊரைச் சுற்றி கார் ஓட்டியவன் நான். வந்த புதிதில் போன் மேப்பில் அந்த நெட்வொர்க் மிஷின்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பச்சைப் புள்ளிகளாக இருந்தன. இப்போது பெட்ரோல் பங்க், பால் விற்கும் கடை, துணி துவைக்கும் கடை என்று அம்மை போட்ட மாதிரி மேப் முழுக்கப் பச்சை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் இத்தனை மிஷின்களில் ஒன்றின் பக்கத்திலாவது காவலுக்கு ஓர் ஆள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

போன குளிர்காலத்தில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர் அந்த மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கார்டு உள்ளே போவதும் துப்பிவிடுவதுமாக இருந்தது. ஆரணிக்காரனுக்குக் கை சும்மா இருக்குமா? பக்கத்தில் போய், “நம்பரைச் சொல்லுங்கள், நான் அழுத்துகிறேன்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். மனிதர் கார்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேராகக் கவுண்டருக்குப் போனார். அங்கிருந்து ஒரு பெண் வந்து, “ஐயா, உங்களுக்கு ஏதாவது வேண்டுமா?” என்று மிகவும் மரியாதையாகக் கேட்டாள். திருடனிடம் கேட்கிற மரியாதை அது. வராத இருமலுக்கு ஒரு பாட்டில் மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். சீ என்று ஆகிவிட்டது.

ஊரில் இது தப்பே இல்லை. ஆரணியில் எங்கள் தெருமுனையிலேயே அம்மாவின் பென்ஷன் வரும் வங்கியின் ஏடிஎம் இருக்கிறது. அம்மா ஆரம்பப் பள்ளி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா போன பிறகு தனியாக இருக்கிறாள். அந்த ஏடிஎம்மில் வாட்ச்மேனாக இருந்தவர் சாதிக் பாய். வெயில் காலத்தில் பணம் எடுக்காதவர்களும் ஏசிக்காக உள்ளே நிற்பார்கள். பாய் யாரையும் விரட்ட மாட்டார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்கு மிஷினின் வெளிச்சத்தில் எழுத்து ஓடும். கார்டைப் பாயிடம் கொடுத்துவிடுவாள். அவர் ஒவ்வொரு தடவையும், “நம்பர் இன்னாங்க டீச்சரம்மா? மறந்துட்டேன்” என்பார். அம்மா ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கடைசி பெஞ்சு வரை கேட்கிற டீச்சர் குரலில் சொல்வாள். அழுத்திவிட்டுப் பாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அம்மா நோட்டை எண்ணிப் பர்ஸில் வைத்த பிறகுதான் முகத்தைத் திருப்பி, “மூட்டுவலி எப்படிக் கீது?” என்று கேட்பார். அடுத்த தடவையும் அதே மறதி.

லீவில் போயிருந்தபோது இதைப் பார்த்து எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. “வாட்ச்மேன்கிட்ட பின் நம்பரச் சொல்றியே, புத்தி கெட்டுப்போச்சா? யாருக்கும் சொல்லக்கூடாதும்மா” என்று கத்தினேன். அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. “அவருதான் மறந்துடறாரேடா” என்றாள்.

பிறகு அந்த வங்கி வாட்ச்மேனை எடுத்துவிட்டது. சாதிக் பாய் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேறொரு வங்கியின் ஏடிஎம்முக்குப் போனார். அம்மாவும் கார்டைத் தூக்கிக்கொண்டு அங்கேயே போனாள். எந்த வங்கி கார்டும் எந்த மிஷினிலும் போகும் காலம் இது. ஆனால் வேறு வங்கி மிஷினில் மாதத்துக்குச் சில தடவைதான் இலவசம், அதற்கு மேல் கட்டணம். அம்மாவோ ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்நூறு, முந்நூறு என்று எடுப்பாள். அந்தக் கணக்கில் என் பெயரும் உண்டு என்பதால் மெசேஜெல்லாம் என் இந்திய நம்பருக்கு வரும். பணம் எடுத்த மெசேஜ் முதலில், பின்னாலேயே சார்ஜ் பிடித்த மெசேஜ். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

“தெருமுனையில சும்மா ஒரு மிஷின் கீது. அத வுட்டுட்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்துபோய் தண்டம் அழுதுகினு கீற. மொத்தமா ஒரே தடவை எடுத்தா இன்னாம்மா?” என்று போனில் கேட்டேன்.

“மொத்தமா எடுத்துட்டா, அப்புறம் எதுக்குடா போறது?” என்றாள் அம்மா.

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இங்கே நெட்வொர்க் எப்படி வளர்கிறது, எப்படி ஒரு சென்ட் கூடப் பிடிப்பதில்லை என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். “ரொம்ப பேஜார் பண்ற நீ” என்று போனை வைத்துவிட்டாள்.

இந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை மெசேஜ் வரவில்லை. கடைசியில் என் பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று எனக்குள் பெருமைகூடப் பட்டேன். போன் போட்டேன், எடுக்கவில்லை. போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்திருப்பாள், வழக்கம்தான். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பிக் காரில் உட்கார்ந்தபோது அம்மாவின் நம்பரிலிருந்து அழைப்பு. குரல் அம்மாவுடையது இல்லை.

“தம்பி, நான் சாதிக் பேசறேன். பயப்படாதீங்க. டீச்சரம்மா நேத்து வரல, இன்னிக்கும் வரல. மனசு கேக்கல, வூட்டாண்ட போய்ப் பார்த்தேன். பாத்ரூம்ல வழுக்கி வுழுந்து கெடந்தாங்க. பக்கத்து வூட்டு ஸ்டெல்லாம்மாவும் நானும் ஆட்டோல ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வந்துட்டோம். இடுப்பு எலும்பாம். இப்ப ஊசி போட்டு தூங்கிகினு கீறாங்க. ஜல்தியா அட்வான்ஸ் கட்டணுமாம்.”

நான் அனுப்பினால் போய்ச் சேர ஒருநாள் ஆகும் என்று குளறினேன்.

“கார்டு அவங்க பர்ஸ்லதான் கீது” என்றார். சற்றுத் தயங்கிவிட்டு, “நம்பர் இன்னா தம்பி? மறந்துட்டேன்” என்றார்.

எனக்குத் தெரியாது. பெற்ற தாயின் நம்பர் எனக்குத் தெரியாது. யாருக்கும் சொல்லாதே என்று நான் போட்ட சட்டத்தை அம்மா என் ஒருவன் விஷயத்தில்தான் கடைப்பிடித்திருக்கிறாள். “எனக்குத் தெரியாதுங்க பாய்” என்றேன்.

“செரி வுடுங்க தம்பி. ஞாபகம் வருதா பாக்கறேன்” என்றார்.

கார் கிளம்பாமலே நின்றது. கொஞ்ச நேரத்தில் மெசேஜ் வந்தது: பத்தாயிரம் எடுக்கப்பட்டது, ஆரணி. அதன் கீழேயே சார்ஜ் பிடித்த மெசேஜ். இத்தனை நாள் என் வயிற்றை எரித்த அந்த அற்பக் காசைப் பார்த்து, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன்.

அம்மா தேறிவிட்டாள். நானும் லீவு போட்டுப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தேன். இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறாள். ஆனால் அந்த இன்னொரு வங்கியும் கேமரா மாட்டிவிட்டு வாட்ச்மேன்களை நிறுத்திவிட்டது. சாதிக் பாய் வந்தவாசியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அம்மாவை இங்கே வந்துவிடு என்று கூப்பிட்டால், “அங்க யார்கிட்டடா பேசறது? உன் மருந்துக்கடை மிஷின்கிட்டயா?” என்கிறாள். அவள் இங்கே வர மாட்டாள். வீட்டுக்கடனையும் பிள்ளைகளின் படிப்பையும் வைத்துக்கொண்டு நான் அங்கே போகப்போவதில்லை. தினமும் போன் செய்கிறேன். அவள் எடுக்கும்வரை மணி அடிக்கும் நேரம் இருக்கிறதே, அதை எதிரிக்கும் கொடுக்கக்கூடாது.

போன சனிக்கிழமை காலை மருந்துக்கடையில் இருபது டாலர் எடுத்தேன். ஆரணியில் அப்போது விளக்கு வைக்கும் நேரம். போனில் என் மெசேஜும் அம்மாவின் மெசேஜும் முன்னும் பின்னுமாக வந்து விழுந்தன. ஒன்றில் ஒஹாயோவின் தெரு, இன்னொன்றில் ஆரணி. தெருமுனை மிஷினில், மாதத்துக்கான பணத்தை மொத்தமாக ஒரே தடவையில் எடுத்திருக்கிறாள், நான் கேட்டுக்கொண்டபடியே. சார்ஜ் மெசேஜ் வருமா என்று திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வரவில்லை. பின்னால் இருந்தவர் தொண்டையைக் கனைத்தார், நகர்ந்துகொண்டேன். தடியை ஊன்றிக்கொண்டு மிஷின் வரைக்கும் போயிருக்கிறாள் என்பது தெரிந்தது. திரும்ப வீடு வந்து சேர்ந்தாளா என்பது அந்த மெசேஜில் இல்லை.