அண்ணியின் கை எட்டிய உயரம்

அண்ணி வரப்பில் வழுக்கி விழுந்தது செப்டம்பர் கடைசியில். அந்த வருடத்து உப்பு வேலை முடியப்போகிற சமயம். தலையில் உப்புக்கூடையோடு பாத்தியிலிருந்து குவியலுக்கு நடந்துகொண்டிருந்தவர், ஈர வரப்பில் கால் வழுக்கி வலது தோள் அடிபடும்படி விழுந்துவிட்டார். எலும்பில் விரிசல் என்றார்கள். கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டி, நான்கு வாரம் அசைக்கக்கூடாது என்று அனுப்பினார்கள். கட்டை அவிழ்த்தபோது எலும்பு சேர்ந்திருந்தது. ஆனால் கை இடுப்பைத் தாண்டி எழவில்லை.

நான் அவருக்கு நாத்தனார். சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடித்துச் சொல்வதற்குச் சம்பளம். சில வருடங்களாக வீட்டிலிருந்தே வேலை என்று ஆகிவிட்டதால் மரக்காணத்துக்குத் திரும்பி அண்ணன் வீட்டில் இருக்கிறேன். அண்ணன் திண்டிவனத்துக்கு வேன் ஓட்டுகிறார். அவர்களுடைய மகள் நர்சிங் படிக்கப் போய் விடுதியில் தங்கியிருக்கிறாள். பகலில் வீட்டில் நானும் அண்ணியும்தான்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற பெண் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தாள். சுவரை ஒட்டி நின்று, எறும்பு ஊர்கிற மாதிரி விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை. அண்ணி இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள் விட்டுவிட்டார்.

"சுவத்தயே பாத்துக்கினு எவ்ளோ நேரம் நிக்கறது பாப்பா? பைத்தியம் புடிக்கும் எனக்கு."

"வலிக்குதா அண்ணி?"

"வலி கெடக்குது. போரடிக்குது."

நவம்பர் மழையில் உப்பளம் முழுக்கத் தண்ணீர் ஏறி, பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் கிடந்தது. அந்த மாதங்களில் யாருக்கும் அங்கே வேலை இல்லை என்பதால் அண்ணிக்கும் அவசரம் இல்லை. எனக்குத்தான் கவலை. பொங்கல் கழிந்தால் பாத்தி மிதித்துத் தரையை இறுக்க ஆள் கூப்பிடுவார்கள். அதற்கடுத்து உப்புச் சுமை. தலைக்கு மேல் கை போகாத ஒருவர் கூடையை எப்படித் தூக்கிப் பிடிப்பார்?

கேமராவுக்கு முன்னால் ஒரு நிறத்தைக் காட்டினால், அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற இலவசப் புரோகிராம் தொகுப்பு ஒன்று இருக்கிறது. முன்பு ஆபீஸ் வேலைக்காக அதைத் தொட்டுப் பார்த்திருந்தேன். அண்ணி போரடிக்கிறது என்று சொன்ன அன்று அது ஞாபகம் வந்தது. நிறம் இருக்கிற இடத்தை நொடிக்கு நொடி குறித்து, குறிகளைச் சேர்த்தால் கோடு. கையை அசைத்தால் படம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து உட்கார்ந்ததில் புரோகிராம் ஓரளவுக்கு ஓடியது. வாழ்க்கையில் முதல்முறையாக, தப்பு கண்டுபிடிக்காமல் நானே ஒன்றை எழுதியிருந்தேன். தப்பு கண்டுபிடிக்க அண்ணி இருந்தார்.

தண்ணீர் கேனின் நீல மூடியை ஒரு ஹேர்பேண்டில் ஒட்டி அவர் வலது கையில் மாட்டிவிட்டேன். லேப்டாப்பை டிவியோடு இணைத்து, அவரை எதிரில் நிற்கச் சொன்னேன். அவர் கையை ஆட்டினார். டிவியில் கோடு ஓடியது. அவர் முகத்தில் வந்த ஆச்சரியம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

"இன்னா இது? நா இந்தாண்ட போனா அது அந்தாண்ட போவுது."

கண்ணாடி போல இடவலம் மாற்ற நான் மறந்திருந்தேன். அதைச் சரிசெய்து மறுபடி நிற்கவைத்தேன். இந்த முறை அவர் கையை அசைக்காமல் நிற்கும்போதே திரையின் மூலையில் கோடு கிறுகிறுவென்று தன்பாட்டில் கிறுக்கியது. எனக்குப் புரியவில்லை. அண்ணிதான் திரும்பிப் பார்த்தார். பின்சுவரில் தொங்கிய மாதா காலண்டர், மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மாதாவின் முக்காடு நீலம்.

"மாதாவே படம் போடுறாங்க," என்று சொல்லி அண்ணி சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு தோள் வலிக்க வலிக்கச் சிரித்தார்.

காலண்டரைக் கழற்ற அவர் சம்மதிக்கவில்லை. அதனால் ஊறுகாய் பாட்டிலின் ஆரஞ்சு மூடிக்கு மாறினோம். எங்கள் வீட்டில் வேறு எதுவும் ஆரஞ்சு நிறத்தில் இல்லை.

அதற்குப் பிறகு அண்ணியை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சோறு வடித்துவிட்டு வந்து நிற்பார். மத்தியானம் ஒரு தடவை. அண்ணன் வருவதற்கு முன் ஒரு தடவை. முதலில் வெறும் வளையமும் கோடும். பிறகு கட்டம் கட்டமாகப் பாத்திகள். பிறகு வரப்பில் நடக்கிற பெண்கள். ஆள் என்றால் ஒரு நீளக் கோடு, அதன் தலையில் ஒரு குறுக்குக் கோடு, அவ்வளவுதான். ஆனால் அது உப்புச் சுமக்கிற பெண்தான் என்று பார்த்தவுடன் தெரியும். கூடையோடு நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சாயுமே, அந்த வளைவு அதில் இருந்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர் அவர். பள்ளிக்கூடத்தில் படம் போட்டதுண்டா என்று கேட்டேன்.

"மேப்புதான் போட்டுருக்கேன்," என்றார்.

ஒருநாள் திரையைப் பார்த்துக்கொண்டே குறை சொன்னார்.

"தூரத்துல வர்றவளும் கிட்ட வர்றவளும் ஒரே தடிமனா இருக்கறாங்க. கிட்ட வந்தா பெருசா தெரியணுமில்ல?"

"அது எப்படி அண்ணி கம்ப்யூட்டருக்குத் தெரியும்?"

"நா கைய முன்னாடி கொண்டாந்தா இந்த மூடி பெருசாத்தான தெரியும் அதுக்கு?"

நான் எழுந்து போய் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். மூடியின் அளவைக் கேமரா ஏற்கெனவே கணக்கெடுத்துக்கொண்டுதான் இருந்தது. அதை நான் பயன்படுத்தவில்லை. நான்கு வரி சேர்த்தேன். கை முன்னால் வந்தால் கோடு தடிக்கும், பின்னால் போனால் மெலியும். அன்று அண்ணி போட்ட படத்தில், நூலிழை போலத் தொடங்கிய ஒரு வரிசை நெருங்க நெருங்கத் தடித்து, கடைசிப் பெண் திரையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர், சாவியைக்கூட வைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரு போட்டது?"

"ஒம் பொண்டாட்டிதான்," என்றேன்.

அந்த நாட்களில்தான் நான் ஒரு காரியம் செய்தேன்.

அண்ணியின் கை மார்பு உயரத்தைத் தாண்டாமல் நின்றுவிட்டது. வானம் போடப் போவார், கை பாதியில் வலித்து இறங்கிவிடும். "சீ" என்று மூடியைக் கழற்றி வைத்துவிடுவார். இப்படியே போனால் சுவர்ப் பயிற்சியை விட்டது போல இதையும் விட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அதனால் புரோகிராமில் ஒரு வரி சேர்த்து, அதில் ஒரு எண்ணைப் போட்டேன். கை ஒரு சாண் ஏறினால் கோடு ஒன்றரைச் சாண் ஏறும்படி வைத்தேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அவருக்குச் சொல்லவில்லை.

கோடு திரையின் உச்சியைத் தொட்ட அன்று அண்ணி அண்ணனுக்குப் போன் செய்தார். "மேல வரைக்கும் போயிருச்சுங்க," என்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது எனக்கு. கொஞ்சம் உறுத்தியது. நம்பிக்கை வந்தால் கையும் தானாக வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன்.

டிசம்பரில் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணி நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார். பிசியோதெரபி அறையில், அந்தப் பெண் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"கை நல்லா மேல போவுதுங்க இப்ப."

"தூக்கிக் காட்டுங்கம்மா."

அண்ணி தூக்கினார். அந்தப் பெண் கோணம் அளக்கிற, இரண்டு பட்டை சேர்ந்த பிளாஸ்டிக் ஸ்கேலைத் தோளில் வைத்து அளந்தாள். நோட்டைப் புரட்டிப் பழைய அளவைப் பார்த்தாள்.

"முன்னவிட பரவாயில்ல. ஆனா தோள் மட்டத்துக்கே இன்னும் வரலம்மா. வீட்ல பயிற்சி பண்றீங்களா?"

"தெனம் மூணு வேள பண்றேன். மேல வரைக்கும் போச்சுங்க. டிவில பாத்தேன்."

அந்தப் பெண் புரியாமல் என்னைப் பார்த்தாள். அண்ணியும் என்னைப் பார்த்தார். எதிர்ச்சுவரில் முழு உயரக் கண்ணாடி ஒன்று பதித்திருந்தார்கள். அதில் அண்ணியின் கை, தோளுக்குக் கீழேயே நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. அண்ணி அதையும் பார்த்தார். பிறகு கையை இறக்கிவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் அனுமந்தை ஊரைத் தாண்டியபோது கேட்டார்.

"அந்தப் பொண்ணு ஸ்கேலு சரியா, ஒன் கம்ப்யூட்டரு சரியா?"

"ஸ்கேல்தான் அண்ணி."

சொல்லிவிட்டேன். எந்த நாளில் எவ்வளவு கூட்டினேன் என்பதையும் சொன்னேன். நீங்கள் விட்டுவிடுவீர்கள் என்று பயந்தேன் என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். வெளியே மழைத்தண்ணீர் நின்ற உப்பளம் வந்தது.

"அவுருக்குப் போன் போட்டு சொன்னேனே," என்றார். "ரெண்டு மூணு பேருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். பொங்கலுக்கு அப்புறம் நானும் வர்றேன்னு." பிறகு ஜன்னலிலிருந்து திரும்பி, "நா ஒன்னும் கொழந்த இல்ல பாப்பா," என்றார்.



அடுத்த ஐந்து நாட்கள் வீட்டில் சண்டை என்று எதுவும் இல்லை. எனக்கு டீ போட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போவார். சாப்பிட்டியா என்று கேட்பார். டிவிக்கு எதிரில் மட்டும் வந்து நிற்கவில்லை. மூடி ஜன்னல் விளிம்பில் கிடந்தது. நான் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு, கதவுக்கு வெளியே அவர் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். டெஸ்டிங்கில் ஒரு விதி உண்டு. தப்பான முடிவைச் சரி என்று காட்டுகிற புரோகிராம்தான் இருப்பதிலேயே மோசமானது. அதை எத்தனையோ பேருக்கு அறிக்கையில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

ஆறாம் நாள் மத்தியானம் அவரே வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"அத எடுத்துட்டியா?"

"இல்ல அண்ணி. அப்படியேதான் இருக்குது."

"எந்த எடம்? காட்டு."

காட்டினேன். ஒரு வரி, அதன் கடைசியில் ஒரு எண்.

"நா அழிக்கறேன். எத அமுக்கணும்?"

விரலை வைக்க வேண்டிய இடத்தைச் சொன்னேன். வலது கையாலேயே ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். வரி போனதும் திரையை நெருங்கி ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"வேற எதுனா பண்ணி வச்சிருக்கியா?"

"கை நடுக்கம் தெரியாம இருக்க, கோட்டக் கொஞ்சம் வழவழன்னு ஆக்கியிருக்கேன். அதையும் எடுத்துடவா?"

அண்ணி யோசித்தார்.

"அது இருக்கட்டும். கண்ணுக்கு நல்லாத்தான் இருக்குது."

நான் சிரித்துவிட்டேன். அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, "எவ்ளோ வருதோ அவ்ளோ காட்டு, போதும்," என்றார்.

அன்று முதல் அவர் படங்கள் திரையின் கீழ்ப்பாதியிலேயே இருந்தன. பாத்திகளும் பெண்களும் அடியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, மேலே ஒன்றும் இருக்காது. அந்த வெற்றிடம் படங்களுக்கு ஒரு அழகைக் கொடுத்தது என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. சொன்னால் சமாதானம் செய்வதாக நினைப்பாரோ என்று சொல்லவில்லை. படத்துப் பெண்களின் தலைகள் எதுவரை போகின்றன என்று, அவர் டிவியின் ஓரத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி அடையாளம் வைத்தார். வாரத்துக்கு ஒரு பொட்டு. சில வாரங்களில், முந்தைய பொட்டின் மேலேயே அடுத்ததும் விழுந்தது. ஒரு வாரம், குளிர் அதிகமாக இருந்ததால், கீழே இறங்கியது. அதையும் ஒட்டினார்.

சுவர்ப் பயிற்சியையும் மறுபடி தொடங்கினார். படம் போடுவதற்கு முன்னால் பத்து நிமிடம். கை இளகினால் கோடு நன்றாக வருகிறதாம்.

பொங்கலுக்குப் பிறகு அவர் வேலைக்குப் போனார். பாத்தி மிதிக்கவும் வரப்பு கட்டவும் ஆட்களோடு சேர்ந்துகொண்டார். அதற்குக் கை தலைக்கு மேல் போகத் தேவையில்லை. மார்ச்சில் சுமை தொடங்கியபோது கை நெற்றிவரை வந்திருந்தது. கூடையை இன்னொருவர் தூக்கிவிட, இடது கையால் பிடித்துக்கொண்டு நடந்தார். முதல் நாள் நான் ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டுத் தூரத்திலிருந்து பார்த்தேன். எல்லோரும் ஒரே மாதிரிதான் தெரிந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, கையை மாற்றிப் பிடித்திருக்கிற ஒருவரைக் கண்டுபிடித்தேன்.

இன்றைக்கும் அந்தக் கை முழுதாகப் போவதில்லை. பிசியோதெரபி பெண் கடைசியாக அளந்தபோது, இதற்கு மேல் கொஞ்சம்தான் வரும் என்று சொல்லிவிட்டாள். அண்ணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்து, "சோறு திங்க, தல வார, கூடயப் புடிக்க ஆச்சு. வேற இன்னா?" என்றார்.

அந்தப் பெண் கேட்டதால் புரோகிராமை அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொடுத்தேன். எழுதியதை முதலில் பார்க்க வேண்டும் என்று அண்ணி கூடவே வந்தார். ஒன்றும் புரியாது என்று தெரிந்தும், ஒவ்வொரு வரியாகத் திரையை நகர்த்தச் சொல்லிப் பார்த்தார். எண் வருகிற இடத்திலெல்லாம் இது எதற்கு என்று கேட்டார். நான் சொன்னேன்.

இந்த வருடமும் மழை வந்து உப்பளம் நிறைந்துவிட்டது. போன வாரம் அண்ணி பச்சை மூடி ஒன்றைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இந்தக் கைக்கும் ஒன்னு மாட்டு. ரெண்டு கையாலயும் போட்டுப் பாக்கறேன்."

மாட்டினேன். ஒரு கை தண்ணீரைப் போட, இன்னொரு கை வரப்பைப் போட்டது. இடது கைக்கு இதில் பழக்கமே இல்லாததால் வலது கையைவிட மோசமாக வந்தது. அதைப் பார்த்து அண்ணிக்கு ஒரே சந்தோஷம். இரண்டு கையும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே வரும்போது மட்டும் புரோகிராம் தடுமாறி, கோட்டை இடையில் விட்டுவிடுகிறது. அண்ணி தினமும் அதைக் கேட்கிறார். நான் அதைத்தான் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.